நீர்த்த மையில் ஒரு விலாசம்

தகாசே
தென்போ ஏழாம் ஆண்டு, பத்தாம் மாதம், ஏழாம் நாள்

அண்ணா,

அப்பா இறந்துவிட்டார். நான்கு நாள் ஆகிறது. வாயால் இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. படித்ததும் எரித்துவிடு.

ஊரைப் பொறுத்தவரை அப்பா காய்ச்சலில் கிடக்கிறார். வாரிசு இல்லாமல் இறந்தார் என்று தெரிந்தால் பிரபுவின் அலுவலகம் நம் வீட்டின் பெயரையே அடித்துவிடும். அரிசி ஊதியம் போய்விடும், இந்த வீடும் போய்விடும். அதனால் சித்தப்பா, அப்பா சாகக் கிடக்கிறார், ஒரு மகனைத் தத்தெடுக்க அனுமதி வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இருபத்தெட்டாம் தேதி மேற்பார்வையாளர் ஓகுமா நேரில் வந்து அப்பாவைப் பார்த்து முத்திரை வாங்குவார். அதுவரை அப்பா உயிரோடு இருக்க வேண்டும்.

உள்ளறைக் கதவின் இடுக்குகளில் காகிதம் ஒட்டியிருக்கிறோம். உள்ளே உப்பும் கற்பூரமும். தினமும் இரண்டு வேளை மருந்து காய்ச்சுகிறேன், வாடை தெருவுக்குப் போக வேண்டும் என்பதற்காக. காய்ச்சியதைக் கொட்டினால் யாராவது பார்ப்பார்கள், அதனால் நானே குடிக்கிறேன். சாவு வீட்டில் மீன் தொடமாட்டோமே, அதற்காகவே நேற்று அம்மா மீன்காரனை வாசலில் நிறுத்திப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி பேரம் பேசினாள். "முந்தாநாள் குடுத்தது நாறிப்போச்சு, இன்னிக்காவது ஒழுங்கா குடு." பிறகு அதைச் சுட்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா இன்னும் அழவில்லை. அழுதால் வெளியே கேட்கும்.

நான் வழக்கம்போல எழுத்துப் பள்ளிக்குப் போகிறேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

தத்துக்கு வரப்போகிறவர் இனாகாகி ஜூஸோ. ஆயுதக் கிடங்குக்காரரின் தம்பி, நாற்பத்தொரு வயது. தத்து வருகிறவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது நான்தான்.

சித்தப்பா இன்னொரு வழியும் சொன்னார். நீ கட்டிக்கொண்ட அந்தச் சாயக்காரர் மகளை விலக்கிவிட்டு இருபத்தெட்டுக்குள் வந்தால், அப்பா உன்னை மன்னித்ததாகப் பழைய தேதியில் ஒரு தாள் தயாராகிவிடும். நீதான் மகன். ஜூஸோ தேவையில்லை.

வா, அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் கடிதங்களைச் சித்தப்பா பிரிக்கிறார். பள்ளி விலாசத்துக்கு எழுது. எல்லோரும் தூங்கியபின் அரிசி அறையில் விளக்கைக் கூடையால் மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கிவா

*

ஒசாகா
பத்தாம் மாதம், பதினோராம் நாள்

கிவா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். பிறகு வெளியே போய் ஒரு கிண்ணம் சூடான சோபா நூடுல்ஸ் சாப்பிட்டேன். அப்பா இறந்த செய்திக்கு ஒரு மகன் செய்ய வேண்டியது இது இல்லை என்று தெரியும். ஆனால் நான் மகன் இல்லையே. மூன்று வருடத்துக்கு முன், சாயக்காரர் மகளைக் கட்டுவேன் என்று நான் சொன்ன அன்று, அவர் என் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே தெருவைப் பார்க்க வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். நீயும் பேசவில்லை.

அதற்காகக் குற்றம் சொல்லவில்லை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது.

இங்கே என் பெயர் தாகுமா இல்லை. கிஹெய். காலையிலிருந்து மாலை வரை நீலத் தொட்டியில் கை. இரவில் கையைக் கழுவினால் நகத்தில் மட்டும் நீலம் நிற்கும். என் மனைவி மினேவுக்கு அடுத்த மாதம் பிரசவம். "கடுதாசியில என்ன?" என்று கேட்டாள். ஊரில் அரிசி விலை ஏறிவிட்டதாம் என்றேன். "அதுக்கா முகத்த இப்படித் தொங்கப்போட்டிருக்க?" என்றாள்.

நான் வரமாட்டேன். ஜூஸோவை எனக்குத் தெரியும். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். அதைவிட மோசமானவர்களுக்கு எத்தனையோ பெண்களைக் கொடுக்கிறார்கள். நீ நல்லபடியாக இருப்பாய்.

மருந்தைக் குடிக்காதே. கழிவறைக் குழியில் கொட்டு. யாரும் அதில் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அண்ணன்

*

தகாசே
பத்தாம் மாதம், பதினான்காம் நாள்

அண்ணா,

கழிவறைக் குழி யோசனைக்கு நன்றி. உன் கடிதத்தில் எனக்கு உதவியது அது ஒன்றுதான்.

ஜூஸோ நேற்று அப்பாவை நலம் விசாரிக்க வந்தார். உலர்ந்த பெர்சிமன் பழம் ஒரு சரம் கொண்டுவந்தார். காகிதம் ஒட்டிய கதவுக்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் தலை வணங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கதவைப் பார்த்து, "காய்ச்சல் சீக்கிரம் எறங்கணும்" என்றார். பிறகு என்னிடம், "உன் கையெழுத்து அழகா இருக்குமாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கல்யாணத்துக்கப்புறம் அதுக்கு வேலை இருக்காது" என்றார். திட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார், நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போல.

உனக்கு நல்லவர், கெட்டவர் என்பதுதான் கணக்கு. எனக்கு அவர் பேசி முடித்தபின் அறையில் காற்றே இல்லாததைப் போல இருந்தது.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு நாள் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "தாகுமா, கதவச் சாத்துடா, காத்து வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் நான் எழுந்து திறந்து மறுபடி சாத்துவேன். குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "சாத்திட்டேன்ப்பா" என்பேன். கொஞ்சம் அமைதி. பிறகு மறுபடியும். இரண்டு நாளில் எத்தனை முறை சாத்தினேன் என்று தெரியாது. கோபமாக அழைக்கவில்லை. நீ பக்கத்து அறையில் இருக்கிறாய் என்று நினைத்து அழைத்தார்.

அது உன் வேலை, அண்ணா. நான் செய்தேன்.

உனக்காவது அவரோடு சண்டை போட முடிந்தது, வெளியே போக முடிந்தது. நான் எங்கே போவேன்?

இனி கேட்கமாட்டேன். களைப்பாக இருக்கிறது.

கிவா

*

ஒசாகா
பத்தாம் மாதம், பதினெட்டாம் நாள்

கிவா,

வருகிறேன்.

நேற்று உன் கடிதம் வந்ததும் கடைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமனார் வந்து பார்த்துவிட்டுப் போனார். இருட்டியபின் மினேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். மூன்றரை வரிதான் வழக்கம். விடியும்வரை எழுதினேன். மினே தூங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூணரை வரிக்கு ஒரு ராத்திரியா? தொட்டியில துணி முக்கினா இந்நேரம் இருவது துணி முக்கியிருப்ப" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள்.

"குழந்தை?" என்றேன்.

"எங்கப்பா வீட்டுல வளரும். நீ ஒண்ணும் கடலுக்கு அந்தப் பக்கம் போகலியே. போ. தங்கச்சிய வித்துட்டு எங்கூட இருந்தா அப்புறம் என் மொகத்தப் பாக்கும்போதெல்லாம் அவ மொகம்தான் தெரியும் உனக்கு."

அவள் அழுதிருந்தால் போகாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இருபத்துமூன்றாம் தேதி புறப்படுகிறேன். நான்கு நாள் நடை. இருபத்தேழு மாலை வந்துவிடுவேன். சித்தப்பாவிடம் சொல். அந்த மன்னிப்புத் தாளைத் தயார் செய்யட்டும்.

அப்பாவுக்காக ஒரு ஊதுபத்தி ஏற்று, என் பெயரில். வாடை வரும் என்றால் வேண்டாம்.

இதை எழுதவும் நேரமாகிறது. மையைக்கூட இரண்டு முறை அரைக்க வேண்டியிருந்தது.

அண்ணன்

*

தகாசே
பத்தாம் மாதம், இருபத்தோராம் நாள்

அண்ணா,

புறப்படாதே. இந்த ஒரு வரி மட்டும் உனக்குக் கிடைத்தால் போதும்.

உன் கடிதம் இன்று காலை பள்ளிக்கு வந்தது. தபால் ஓட்டக்காரனிடமிருந்து அதை வாங்கியவள் யோனே, மேற்பார்வையாளர் ஓகுமாவின் மகள். என்னிடம் கொடுக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

நீ மையை நீர்க்க விட்டிருந்தாய், அண்ணா. உள்ளே மட்டும் இல்லை, உறைமேல் விலாசமும்தான். மையில் கண்ணீர் விழுந்து கரைந்ததைப் போல நாம் எப்போது எழுதுவோம்? சாவுக்கு மட்டும்தானே. ஆறு வயதில் கற்றுத் தருகிறார்கள், பிறகு கை மறப்பதில்லை. நீ மகன். அப்பா இறந்திருக்கிறார். உன் கை வேறு எப்படி அரைக்கும்? எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஏழு பெண்களும் ஆசிரியையும் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"யாருடி செத்தா?" என்றாள் யோனே.

ஒருத்தி, "ஒசாகாக்காரங்க கஞ்சங்க, மையில தண்ணிய ஊத்தியிருப்பாங்க" என்று சிரித்தாள்.

"சாயக்கடையிலேருந்து வந்திருக்கு. அங்கே நிறத்துக்கா பஞ்சம்?" யோனே என்னையே பார்த்தாள். "உங்க வீட்டுல படுத்துக் கெடக்கிறது ஒரு ஆள்தானே, கிவா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

உறையைப் பிரித்தேன். முதல் வரியில் நீ 'வருகிறேன்' என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "என் அண்ணன். ஒசாகாவில இறந்துட்டான்."

அண்ணா, சாம்பல் மை வந்துவிட்டது. யாராவது ஒருவர் செத்தே ஆக வேண்டும். அப்பா என்றால் வீடு போய்விடும். வேறு பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"வெரட்டிவிட்டவனுக்கு நீ எதுக்கு அழுவுற?" என்றாள் யோனே. அப்போதுதான் நான் அழுவது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். கையை ஓங்கினார், பிறகு கீழே போட்டார். ஓகுமாவுக்கு நம் விஷயம் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும். அவருக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும், மீன்காரனுக்கும் தெரியும். ஆனா ஏழு பொண்ணுங்க முன்னாடி அது வாய்ல வந்துட்டா அப்புறம் அவரால தெரியாத மாதிரி இருக்க முடியாது. நீ சரியாத்தான் செஞ்ச" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ தப்பிக்க அவன்தான் இருந்த ஒரே வழி. அதையும் நீயே அடைச்சிட்ட" என்றார்.

மாலையே கோயில் ஏட்டில் உன் பெயரை இறந்தவர்களோடு எழுதிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் ஊதுபத்தி கொண்டுவந்தார்கள். அம்மா அழுதாள். பதினெட்டு நாளாக அடக்கி வைத்திருந்ததை உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பெயர் உன்னுடையது. அழுதது யாருக்கு என்று எனக்குத் தெரியும். அவளைத் தடுக்க யாரும் இல்லை. இனி நாங்கள் மீன் சாப்பிட வேண்டாம்.

நீ இங்கே வந்தால் எல்லாம் பொய் என்றாகிவிடும். வராதே. இந்தக் கடிதம் இருபத்துநான்குக்கு முன் உன்னை எட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

கிவா

*

தகாசே
பத்தாம் மாதம், இருபத்தொன்பதாம் நாள்

அண்ணிக்கு,

இறந்தவருக்குக் கடிதம் எழுத முடியாது என்பதால் உங்கள் பெயருக்கு எழுதுகிறேன். உங்களுக்கு வாசித்துக் காட்ட ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நம்புகிறேன். இருபத்தேழாம் தேதி முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து கதவருகே போனேன். யாரும் வரவில்லை.

நேற்று ஓகுமா வந்தார். அப்பாவை அதற்கு முன்பே சவம் வைக்கும் மரத்தொட்டியில் வைத்து மூடிவிட்டோம், அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. படுக்கையில் யாராவது இருக்க வேண்டுமே. சித்தப்பா பேச வேண்டியவர். அம்மா கூடத்தில் உட்கார வேண்டியவள். மீதி இருந்தது நான்.

தலையில் துணி சுற்றி, அப்பாவின் மெத்தைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்தேன். மெத்தையில் இன்னும் அவர் வாசனை இருந்தது. எனக்கு முன்னால் மடிப்புத் திரை. அந்தப் பக்கம் ஓகுமா, ஜூஸோ, இரண்டு சாட்சிகள்.

"எழுந்திரிக்க முடியல, மன்னிக்கணும்" என்றார் சித்தப்பா.

"படுத்திருக்கட்டும்" என்றார் ஓகுமா. களைத்த குரல். அன்றைக்கு அவருக்கு இது மூன்றாவது வீடாம். "நுமாதா அவர்களே, இனாகாகி ஜூஸோவை மகனா ஏத்துக்கிறீங்களா? உங்க பொண்ணை அவருக்குக் குடுக்கச் சம்மதமா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது ஒன்று நினைத்தேன், அண்ணி. இப்போது நான் பேசாமல் இருந்தால் போதும். அப்பா சம்மதிக்கவில்லை என்றாகிவிடும். திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு கேட்டது. ஒரு மாதமாக அவள் அப்படித்தான் மூச்சு விடுகிறாள், தெருவுக்குக் கேட்காதபடி அடக்கி.

இருமினேன்.

"இருமல் பரவாயில்லியே" என்றார் ஓகுமா. "வயசுக்கு ரொம்ப இளமையா இருக்கு." யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். சித்தப்பாவின் கை திரைக்கு அடியில் தாளை நீட்டியது. அப்பாவின் முத்திரையைச் சிவப்பில் தோய்த்து அழுத்தினேன். கோணாமல் நேராகவே விழுந்தது. அப்பாவின் இடத்தில் படுத்துக்கொண்டு நானே என்னைக் கட்டிக்கொடுத்தேன்.

ஓகுமா போகும்போது வாசலில் அம்மாவிடம், "மகன் போன துக்கம், பாவம், இவரு ரொம்ப நாள் தாங்கமாட்டாரு" என்றாராம். அதாவது, இனிச் சாகலாம்.

இன்று காலை அப்பா இறந்தார். நாளை அடக்கம். மலைச்சரிவுக் கோயிலில்.

உங்கள் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிரசவம் நல்லபடி ஆக வேண்டும்.

கிவா

*

ஒசாகா
பதினோராம் மாதம், ஆறாம் நாள்

நுமாதா கிவா அவர்களுக்கு,

காலஞ்சென்ற தாகுமாவின் விதவை மினே எழுதுவது. எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். என் கணவரின் கையெழுத்தைப் போலவே எழுதும் ஒரு ஆள் வீட்டில் இருக்கிறான். சோம்பேறி, ஆனாலும் சொன்னதை எழுதுவான்.

எங்கள் கடை ஆள் ஒருவன் சென்ற மாதம் உங்கள் ஊர்ப் பக்கம் போயிருந்தான். உங்கள் கடிதம் அவன் போனபின்தான் இங்கே வந்தது. இருபத்தேழாம் தேதி மாலை ஆற்றுத்துறைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நுமாதா வீட்டுக்கு எந்த வழி என்று புதியவனைப் போலக் கேட்டானாம். நல்லவேளை கேட்டான். கடைக்காரி, "சாவு வீடாச்சே. ஒசாகாவுக்கு ஓடிப்போன பையன் செத்துட்டான். அவங்கம்மா அழுதது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாளாம்.

"எப்படிச் செத்தானாம்?"

"ஒருத்திக்காக வீட்ட விட்டவன் எப்படிச் சாவான்? பட்டினிதான்."

தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தானாம். உறைமேல் தான் என்ன எழுதினான், எந்த மையில் எழுதினான் என்று அப்போதுதான் நினைவு வந்ததாம். அன்று இரவே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. சாயக்காரர்கள் தங்கும் கொட்டகையில் மூன்று நாள் கிடந்தான். நுமாதா ஐயா இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபின், முப்பதாம் தேதி கோயில் சரிவில், விறகு சுமப்பவர்களோடு நின்றான்.

சவத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால், மகன் நடக்க வேண்டிய இடத்தில், ஜூஸோ நடந்தார். தலை குனிந்து, ஒழுங்காக நடந்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லையாம். பின்னால் அம்மா. அதற்கும் பின்னால் வெள்ளை உடுத்திய ஒரு பெண். அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம். பிறகு பார்வையை மாற்றிக்கொண்டு, நடை குறையாமல் போய்விட்டாள்.

தான் கூப்பிட இருந்ததாகச் சொல்கிறான். வாயைத் திறந்துவிட்டானாம். அவள் நிற்காததால் மூடிக்கொண்டான். அவள் நின்றிருந்தால் எல்லாம் போயிருக்கும். அதற்கு நன்றி சொல்லச் சொன்னான். மன்னிப்பும் கேட்கச் சொன்னான். இரண்டில் எது முதலில் என்று கேட்டேன். தெரியவில்லை என்கிறான்.

என் கணவர் எழுதிக்கொடுத்த விலக்குச் சீட்டு, எழுதியவர் இறந்துவிட்டதால் செல்லாது என்று என் அப்பா சொல்லிவிட்டார். எழுதுகிற ஆள் இங்கேயேதான் இருக்கிறான். காலை முதல் மாலை வரை தொட்டியில் கை. இரவில் சில சமயம் எழுந்து போய், சாத்தியிருக்கும் கதவைத் திறந்து மறுபடி சாத்துகிறான்.

மினே

*

தகாசே
பதினோராம் மாதம், பத்தாம் நாள்

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று பள்ளிக்கு வந்தது. நேற்றோடு பள்ளி முடிந்தது. துக்கம் கழிந்ததும் கல்யாணம். இனி எனக்குக் கடிதம் வரக்கூடிய விலாசம் எதுவும் இல்லை. எழுத வேண்டாம்.

நீங்கள் சொன்ன அந்த ஆளை நான் பார்க்கவில்லை. அன்று சரிவில் விறகுக்காரர்கள்தான் நின்றார்கள். எனக்குத் தெரிந்த முகம் எதுவும் இல்லை. யாரைப் பார்த்தும் நான் நிமிரவில்லை. கைகளை இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டு நின்ற ஒருவரையும் பார்க்கவில்லை. அவருடைய இடது செருப்பின் வார் அறுந்து, வைக்கோலால் முடிந்திருந்ததையும் பார்க்கவில்லை. பனி விழும் காலத்தில் அதோடு நான்கு நாள் நடந்தால் கால் வெடித்துவிடும். வழியிலேயே புதிதாக வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கிவா